இல்லத்தில் கைக்குழந்தை அறை: நிதி கொடுக்கலாமா?

செம்மண்: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அன்பு இல்லத்தில் கைக்குழந்தைகளுக்குப் பெரிய அறை கட்ட விருந்து வைத்து நிதி திரட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை இல்லத்தில் வளர்க்கவே கூடாது.

லயத்துக்காரர்: ஏன் தம்பி, நாங்களெல்லாம் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் கிடந்தவர்கள்தானே? இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, போகும் அம்மா புடவைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போவார். யார் கெட்டுப்போனோம்?

செம்மண்: ரப்பர் பாலை எடை போட்டதும் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாரே அண்ணே! கொட்டகையிலும் வருஷம் பூராவும் அதே ஆயாதான். இல்லத்தில் பகலுக்கு ஒருத்தர், இரவுக்கு ஒருத்தர், அவர்களும் நிலைப்பதில்லை. அழுது அழுது யாரும் வராவிட்டால் பிள்ளை அழுவதையே விட்டுவிடும். பார்க்க வருகிறவர்கள் ‘சமத்து’ என்று மெச்சிவிட்டுப் போவார்கள். ருமேனியாவில் நடந்த புக்காரெஸ்ட் ஆய்வு தெரியுமா? ஆறு இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் கூடியிருந்தது. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கே அதிகப் பலன்.

தாதியம்மா: ருமேனிய இல்லங்கள் மகா மோசம், அதை வைத்து எல்லாவற்றையும் அளக்காதீர்கள். லண்டன் இல்லங்களில் பார்பரா டிசார்ட் செய்த ஆய்வில், பொம்மை, புத்தகம், போதிய ஆள் எல்லாம் இருந்ததால் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி சராசரியாகவே இருந்தது. இங்கே தாஸ்காவில், அதாவது பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தில், ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைக்கு ஓர் ஆள் என்று விதி இருக்கிறது. அதையே இந்த அறையிலும் கேட்போம்.

செம்மண்: அதே ஆய்வில்தான் நாலரை வயதுக்குள் ஒரு பிள்ளையைச் சராசரியாக 50 பேர் மாறி மாறிப் பார்த்திருந்தார்கள். அறிவு வளர்ந்தது, சரி. யாரிடமும் ஆழமாக ஒட்டவில்லையே.

லயத்துக்காரர்: நடுராத்திரி போலீஸ் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளையை நீ வாங்கிக்கொள்வாயா? நம் ஆட்களில் எத்தனை பேர் முன்வருவார்கள்?

செம்மண்: புக்காரெஸ்டிலும் வளர்ப்புக் குடும்பங்கள் வரிசையில் நிற்கவில்லை. தேடிப் பிடித்து, பயிற்சியும் மாதப் பணமும் கொடுத்தார்கள். நம் 2001 சிறார் சட்டத்திலும் நீதிமன்றம் வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்க வழியுண்டு. விருந்துப் பணத்தை அதற்குக் கொடுங்கள்.

தாதியம்மா: குடும்பம் கிடைக்கும்வரை? அறை வேண்டும்தான். ஆனால் நாலே தொட்டில், ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னார் என்று ஒருவர்.

லயத்துக்காரர்: நாலு தொட்டிலுக்கு யாரம்மா ஆயிரம் வெள்ளி கொடுத்து விருந்தில் மேசை எடுப்பார்கள்? டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டக் கட்டடம் வேண்டாமா?