புதுப்பிப்பு: பிள்ளைகளின் மனநலத் துறைக்கு எந்தப் பட்டப்படிப்பு?

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாலிடெக்னிக் முடித்த என் அக்கா மகள், மனநல, நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்ய ஆசைப்படுகிறாள், உளவியல் படிக்கட்டுமா என்று கேட்டிருந்தேன்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) சமூகப் பணி சேர்ந்துவிட்டாள். "முதலில் 7 வயதுக்குட்பட்டவர்களுக்கான தொடக்கநிலைத் தலையீட்டு நிலையம் (வளர்ச்சியில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பயிற்சி தரும் இடம்) ஒன்றில் உதவியாளராகப் போய்ப் பார்க்கட்டும்" என்று இங்கே ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. அங்கே ஒரு பையன் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டானாம். ஆசிரியை அதட்டவில்லை, 'முதலில் இது, அப்புறம் அது' என்று இரண்டு படம் ஒட்டிய அட்டையை அவன் கண்ணில் படும்படி வைத்தார். கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து வந்தான். ஆனால் இவள் மனம் போனது வெளியே கலங்கிப்போய் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவிடம். குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைதான் வேண்டும் என்று அப்போதே தெளிவாகிவிட்டாள்.

பின்னால் தேடி வருபவர்களுக்கு: உளவியல் இளங்கலை மட்டும் வைத்து மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது, முதுகலைப் பயிற்சி கட்டாயம். சமூகப் பணியில் களப்பயிற்சி பட்டப்படிப்பிலேயே அடங்கிவிடும். முடித்ததும் குடும்பச் சேவை நிலையம், மருத்துவமனை என்று போகலாம்.

நாங்கள் எதிர்பாராதது, உளவியலைத் துணைப்பாடமாக எடுக்கவும் வழி இருக்கிறது. அதையும் எடுக்கப் போகிறாள்.