இரண்டாம் மனைவிக்கான புலம்பல்: பின்னணி தெரியுமா?

தேக்கா வயலின்: வயலின் ஆசிரியர் ஒரு ஸ்காட்லாந்து மெட்டு கொடுத்தார். அந்த ஊர் வயலின் கலைஞர் நீல் காவ் தன் இரண்டாம் மனைவி இறந்தபோது அமைத்த புலம்பலாம். சங்கராபரண ராகம் போலக் கேட்கிறது. இதுவா ஒப்பாரி?

ஈசூன் மாமா: டி மேஜர் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசை தம்பி, சங்கராபரண ஸ்வரங்கள்தான். அழ முகாரி ராகம்தான் வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? பெர்த்ஷயரில் டன்கெல்டு அருகே இன்வர் ஊர்க்காரர், 1727இல் பிறந்தவர். இரண்டாம் மனைவி மார்கரெட் அர்க்கார்ட்டுடன் 30 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். அந்த அம்மா 1805இல் போனார், இவர் 1807இல். எழுபது தாண்டிய மனிதர் அமைத்தது, அவசரப்படாமல் வாசி. ஸ்வரங்களை அசைத்துக் கமகம் சேர்த்தால் நான் அடிக்க வருவேன்.

பொங்கோல் ராணி: அதே காலத்து முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களையும் பாருங்கள். மேற்கத்திய மெட்டுகள், எல்லாம் சங்கராபரணம்.

தேக்கா வயலின்: சரி மாமா, கமகம் கிடையாது.