பழைய லேசர் பாய்மரப் படகில் டெக் கிளீட்டை நகர்த்தியிருக்கிறார்கள், ரேஸில் செல்லுமா?

ராயபுரம் பையன்:
வணக்கம். பழைய லேசர் ஒன்று வாங்கியிருக்கிறேன், ஐஎல்சிஏ என்று இப்போது பெயர் மாறியதே அதுதான், ரேடியல் என்ற நடுத்தர அளவுப் பாய். முன்னால் வைத்திருந்தவர் டெக்கில், அதாவது மேல்தளத்தில், கை வைத்திருக்கிறார். பாயை இறுக்கித் தளர்த்தும் கன்னிங்ஹாம், அவுட்ஹால் கயிறுகளைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டைக் கழற்றி, கைக்கு எட்டட்டும் என்று நாலு விரல் பின்னால் தள்ளித் திருகியிருக்கிறார். பாயை உள்ளே இழுக்கும் மெயின்ஷீட் கயிற்றுக்கு இரண்டு பக்க டெக்கிலும் கேம் கிளீட், பல்லால் கவ்வும் வகை. போதாததற்கு, படகின் உள்ளே பார்க்கும் துளைக்கு ஒரு வட்ட மூடி, கால் சுற்று திருப்பினால் திறக்கும் வகை. இப்படியே ரேஸில் இறங்கலாமா?

துறைமுகக் காற்று:
தம்பி, பக்க கிளீட் இருக்கட்டும், அனுமதி உண்டு. உள்விட்டம் 153 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் மூடியும் இருக்கலாம், ஆனால் மரை போட்டுத் திருகும் வகைதான் செல்லும், அதை மாற்று. சிக்கல் நகர்த்திய கிளீட்தான். இந்தப் படகு வகைக்கென்று இருக்கும் கிளாஸ் விதிப்புத்தகத்தில் ‘கூடாது’ எங்கே இருக்கிறது என்று தேடாதே, ‘செய்யலாம்’ என்று இருக்கிறதா பார், இல்லையென்றால் கூடாது, அவ்வளவுதான். டெக் ஃபிட்டிங் உடைந்து புதிதாகப் போட்டாலும் அதே வகை, அளவுப் படத்தில் உள்ள அதே இடம். புரூஸ் கிர்பி வரைந்த இந்தப் படகு 1996-ல் ஒலிம்பிக்ஸுக்குப் போனதற்கும், பழைய படகை வைத்துக்கொண்டு நீ இன்றைக்கும் ரேஸ் கேட்பதற்கும் எல்லாப் படகும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற இந்தப் பிடிவாதம்தான் காரணம்.

தண்டையார்பேட்டை லேத்:
ஞாயிற்றுக்கிழமை கிளப் ரேஸ்தானே சார், யார் டேப் வைத்து அளக்கப்போகிறார்கள்? காசிமேட்டில் மீன்பிடிப் படகுக்கு வசதியாக எதை வேண்டுமானாலும் நகர்த்துகிறோம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

துறைமுகக் காற்று:
அண்ணே, அங்கே போட்டி மீனோடு. இங்கே யாரும் அளக்காவிட்டாலும் படகை விதிப்படி வைத்திருப்பது உரிமையாளர் பொறுப்பு, எல்லாப் பாய்மரப் போட்டிக்கும் பொதுவான ரேசிங் விதி 78. கிளப் நினைத்தால் தளர்த்திவிடவும் முடியாது. கிளாஸ் விதியே இடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளாஸ் சங்கம் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், அது விதி 87. பின்னால் வந்தவன் ஒரு புரோட்டெஸ்ட், அதாவது விதிமீறல் புகார், கொடுத்தால் கதை முடிந்தது.

காசிமேடு ஃபைபர்:
விதியை விடுங்க, எனக்குப் பயம் அந்தத் திருகு நிற்கிற இடம்தான். டெக் என்பது நடுவில் நுரை வைத்த இரண்டு மெல்லிய ஃபைபர் தோல். ஃபிட்டிங் வரும் இடத்தில் மட்டும்தான் அடியில் கட்டை கொடுத்திருப்பார்கள். தள்ளிப்போட்ட திருகு வெறும் தோலையும் நுரையையும் பிடித்துக்கொண்டிருக்கும், மதியம் கடல்காற்று ஏறும்போது கன்னிங்ஹாமை ஓங்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும், அதற்கு முன்பே ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கி டெக் மெத்தென்று ஆகியிருக்கும். சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கழற்றி, நன்றாகக் காயவிட்டு, எபாக்சியில் கெட்டிப்பொடி கலந்து அடையுங்கள். எம்-சீலை வைத்து அப்பிவிடாதீர்கள். பழைய இடத்து ஓட்டை தளர்ந்திருந்தால் அதையும் நிரப்பி, அதே இடத்தில் மறுபடி துளை போடலாம், அது பழுதுபார்ப்பதுதான், தப்பில்லை. திருகு 316 ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள், செம்புதாஸ் தெருப் பக்கம் விசாரியுங்கள். 304 சீக்கிரம் பழுப்பேறும்.

ராயபுரம் பையன்:
அழுத்திப் பார்த்தேன், ஒரு ஓரம் அமுங்குகிறது அண்ணா. கழற்றிவிடுகிறேன். பழைய இடத்தில் வைத்தால் எட்டாதே, கயிற்றை நீளமாக விடலாமா?

துறைமுகக் காற்று:
விடலாம், நுனியில் பிடிக்க வளையமும் போட்டுக்கொள். ஒட்டும் டேப்பைச் சுற்றிப் புது ஃபிட்டிங் எதுவும் செய்யாதே, அதற்கும் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.