எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. கேட்டு, அமைச்சர் பதில் சொல்லி, நம் தெருவில் ஏதாவது நடந்திருக்கிறதா?

தென்சென்னைவாசி:

சட்டமன்றம் என்றாலே வெளிநடப்பு, மேசை தட்டல், அவைக்காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே விடுவது, இவ்வளவுதான் டிவியில் பார்க்கிறோம். அதைத் தாண்டி அங்கே என்ன நடக்கும் என்று எங்கள் தெருவைத் தோண்டிப் போட்ட பிறகுதான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். கட்சி, பெயர், ஆண்டு எதையும் நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் அடுத்த பத்து பதிவும் கட்சிச் சண்டையாகப் போய்விடும்.

பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டினார்கள், குழாய் புதைத்தார்கள், மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். தார்ச்சாலை மட்டும் திரும்பி வரவில்லை. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி, ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டு உள்ளே வரமாட்டேன் என்பார்கள். நலச்சங்கத்திலிருந்து மனு கொடுத்தோம். ‘பணி நடைபெற்று வருகிறது’ என்று ஒரு வரி பதில் வந்தது, மனுவும் முடித்து வைக்கப்பட்டது. அந்த அலுவலகத்துக்குப் போனால் இந்த அலுவலகத்தைக் கை காட்டுவார்கள், இங்கே வந்தால் ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்பார்கள்.

எங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. அவரிடம் போய் என்ன ஆகப்போகிறது, ஆளுங்கட்சிக்காரன் சொன்னாலே நடக்காத ஊரில், என்றுதான் சங்கத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று போனோம். நாங்கள் அரைமணி நேரம் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு, “சார், இதெல்லாம் எனக்கும் தெரியும், நானும் அந்தத் தெரு வழியாகத்தான் வர்றேன். பேப்பர் என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க” என்றார். மனு ரசீது, வந்த பதில், தேதியோடு எடுத்த படம், வேலை நடந்த இடத்தில் வைத்திருந்த பலகையில் உள்ள மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக் காலம், இவ்வளவையும் கேட்டார். பலகையை யாரோ பிடுங்கிக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்கு வைத்திருந்தார்கள். அதைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்தது தனிக்கதை.

அப்புறம் மானியக் கோரிக்கை வந்தது. துறை வாரியாகப் பணம் ஒதுக்கக் கேட்கும் நாளில் ஒவ்வொரு அமைச்சரும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் தருவார். போன வருடம் என்ன செய்தோம், இந்த வருடம் என்ன செய்வோம் என்று அதில் இருக்கும், இணையத்திலும் போடுகிறார்கள். எங்கள் எம்.எல்.ஏ.வின் உதவியாளர், சின்னப் பையன், முழுப் புத்தகத்தையும் உட்கார்ந்து படித்திருக்கிறான். அதில் எங்கள் பகுதி வேலை முடிவடைந்தவற்றின் பட்டியலில் இருந்தது!

அன்றைக்குப் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். கோட்டைக்குள் போனதும் செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள். காலை 10 மணி, பேரவைத் தலைவர் ஒரு குறள் சொல்லித் தொடங்கினார். கேள்வி நேரம் முடிந்து விவாதம் வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து தன் கட்சித் தலைவரைப் புகழ்ந்தே கிட்டத்தட்ட முழு நேரத்தையும் முடித்துவிட்டு, கடைசியில் தன் தொகுதிக்கு ஒரு பாலம் கேட்டு உட்கார்ந்தார். (எந்தக் கட்சி ஆட்சியிலும் இந்தக் காட்சி மாறாது என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்.)

எங்கள் எம்.எல்.ஏ. முறை வந்தது. பேச ஆரம்பித்ததுமே ஒரு அமைச்சர் குறுக்கிட்டு உங்கள் ஆட்சியில் என்ன செய்தீர்கள் என்றார். அவர் உட்கார்ந்ததும் இன்னொருவர். நானாக இருந்தால் கோபத்தில் வேறு எதையாவது பேசியிருப்பேன். அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. பக்க எண்ணைச் சொல்லி, அந்த வரியை அப்படியே வாசித்து, படத்தை எடுத்தார். அவையில் காட்டக் கூடாது என்று பேரவைத் தலைவர் சொன்னதும் உடனே கீழே வைத்துவிட்டு, “காட்டவில்லை, அமைச்சரிடமே கொடுத்துவிடுகிறேன், புத்தகம் சரியா படம் சரியா என்று அவரே சொல்லட்டும்” என்றார். எதிர்வரிசையிலேயே சிலர் சிரித்துவிட்டார்கள்.

அதிகாரிகள் மாடத்தில் ஒரே பரபரப்பு. பரீட்சை ஹாலில் பிட் போவது மாதிரி ஒரு துண்டுச் சீட்டு அமைச்சர் கைக்குப் போனது. குழாய் பதிக்கும் பணி முடிந்துவிட்டது, சாலை சீரமைப்பு மட்டும் பாக்கி, மழைக்காலத்துக்கு முன் முடிக்கப்படும் என்று அமைச்சர் சொன்னார். “எந்த மாதம் என்று சொன்னால் தொகுதி மக்களிடம் சொல்ல வசதியாக இருக்கும்” என்று விடாமல் கேட்டு, செப்டம்பர் என்று வாங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மறுநாள் காலையே டேப்பைத் தூக்கிக்கொண்டு பொறியாளர் தெருவில் நிற்கிறார். சாலையில் பாதி செப்டம்பரில் வந்தது. மீதிப் பாதியின் கதையைக் கேட்காதீர்கள்.

பழைய நிருபர்:

கோட்டையில் பத்திரிகையாளர் மாடத்தில் பல கூட்டத்தொடர் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் எம்.எல்.ஏ. விவரமானவர். ‘எந்த மாதம்’ என்ற அந்த ஒரு கேள்விதான் விஷயமே. அமைச்சர் அவையில் கொடுக்கும் வாக்குறுதிகளைக் கவனிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. ‘பரிசீலிக்கிறோம்’ என்றால் துறை தப்பித்துக்கொள்ளும், மாதம் சொல்லிவிட்டால் குழுவுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். குழு மெதுவாகத்தான் நகரும், ஆனால் கோப்பு உயிரோடு இருக்கும்.

கேள்வி நேரத்திலும் இதே கதைதான். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். முதல் பதிலைத் துறை எழுதிக் கொடுத்துவிடும், அதை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அதன் மேல் வரும் துணைக் கேள்வியில்தான் துறையைத் தெரிந்த அமைச்சர் யார், சீட்டைப் பார்த்துப் பேசுபவர் யார் என்று தெரியும். அந்த வாய்ப்பை நம் ஆட்கள் பாதிப் பேர் ‘என் தொகுதியிலும் ஒரு பேருந்து நிலையம் வேண்டும்’ என்று வீணாக்குவார்கள்.

ஆளுங்கட்சிக்கும் தந்திரங்கள் உண்டு. விதி 110 தெரியும்தானே? அதன்கீழ் அமைச்சர் அறிக்கை படித்தால் விவாதமே கிடையாது. ஜெயலலிதா காலத்தில் பெரிய பெரிய திட்டங்களெல்லாம் அந்த வழியில்தான் அறிவிக்கப்பட்டன. எதிர்க்கட்சி உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கையைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைப்பது இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊரே மூழ்கியது, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் திறப்பு பற்றிய தணிக்கை அறிக்கை பேரவைக்கு வந்தது 2018 ஜூலையில். வீட்டுக்குள் தண்ணீர் வந்தவன் இரண்டரை வருடம் கழித்து அதைப் பேப்பரில் படித்தான்.

அப்புறம் அமர்வு நாட்கள். வருடத்துக்கு 100 நாள் பேரவை நடக்கும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. அதன் பிறகு எந்த வருடமும் நூறைத் தொடவில்லை. முந்தைய ஆட்சியிலும் தொட்டதில்லை. சபை கூடினால்தானே கேள்வி.

வியாசர்பாடி பாய்:

பேப்பர், பக்க எண், எல்லாம் சரி தலைவரே. ஆனால் சத்தம் போடாமல் எதுவும் நடக்காது என்பது என் வாதம். 2013-இலிருந்து இங்கே குட்காவுக்குத் தடை. பெட்டிக்கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பான். 2017 ஜூலையில் ஸ்டாலினும் தி.மு.க. உறுப்பினர்களும் பொட்டலங்களைப் பேரவைக்குள்ளேயே கொண்டுபோய்க் காட்டினார்கள். நியாயமாகப் பார்த்தால் கடையில் எப்படிக் கிடைக்கிறது என்றுதானே அரசு கேட்டிருக்க வேண்டும்? கொண்டுவந்தது அவை உரிமை மீறல் என்று அவர்களுக்கே நோட்டீஸ் போனது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மறுபடியும் நோட்டீஸ், அதுவும் 2021 பிப்ரவரியில் ரத்து. இவ்வளவு களேபரம் நடந்ததால்தான் அந்த விஷயம் அத்தனை வருடம் பேச்சில் இருந்தது. அமைதியாக ஒரு துணைக் கேள்வி கேட்டிருந்தால் மறுநாளே மறந்திருப்போம்.

அதே தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளைப் பற்றி உடனே பேச வேண்டும் என்று அ.தி.மு.க.வினர் கறுப்புச் சட்டையில் வந்தார்கள். வெளியேற்றம், பிறகு அந்தக் கூட்டத்தொடர் முழுக்க இடைநீக்கம். நாற்காலி மாறினால் நியாயமும் மாறிவிடுகிறது, வேறென்ன.

பழைய நிருபர்:

பாய், பெரிய விஷயத்துக்கு நீங்கள் சொல்வது சரி. அறுபதுக்கு மேல் உயிர் போயிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. ஆனால் வெளியே போன பிறகு அவைக்குள் அமைச்சர் சொல்வதைத் தட்டிக்கேட்க ஆள் இல்லையே? வெளிநடப்பு செய்த நாளில் மானியக் கோரிக்கை பத்து நிமிடத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதைப் பார்த்தால் உங்களுக்கே வயிறு எரியும்.

ராயபுரம் டீ மாஸ்டர்:

எங்கள் பக்கம் முன்னாடி ஒருத்தர் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி ஒன்று விடமாட்டார். சபையில் வாயைத் திறந்ததாக யாரும் சொன்னதில்லை. கேட்டால் ‘நான் பேசினால் தொகுதிக்கு வருவதும் வராது’ என்பார். பேசாமலும் எதுவும் வரவில்லை.

அண்ணாநகர் அம்மா:

நல்ல பதிவு. ஒரு சந்தேகம். 2021 தேர்தலில் சென்னையின் 16 தொகுதிகளும் தி.மு.க. கூட்டணிக்கே போய்விட்டன. ஊரில் ஒரு எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. கூட இல்லாமல் போனால் நாம் யாரிடம் போவது? அதற்கு முன்னால் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை கவுன்சிலரே கிடையாது, தேர்தலே நடத்தவில்லை. நடுவில் ஒன்பது மாதத்துக்கு மேல் கவுன்சிலரும் இல்லை, எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வும் இல்லை. எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுதான் எங்களுக்குச் சட்டமன்றம்.

தென்சென்னைவாசி:

அம்மா, தொகுதிக்காரர்தான் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மானியக் கோரிக்கையில் எந்த உறுப்பினரும் மாநிலத்தின் எந்த ஊரைப் பற்றியும் பேசலாம். சேலத்துக்காரர் சென்னை வடிகாலைப் பற்றிக் கேட்கத் தடை இல்லை. கூட்டணியில் இருக்கும் சின்னக் கட்சி உறுப்பினர்களையும் பாருங்கள், அவர்களில் சிலர் மரியாதையாக, ஆனால் குத்துகிற மாதிரி கேட்கிறார்கள். கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் வருகிறது. யார் துணைக் கேள்வியில் விவரமாகப் பேசுகிறார் என்று நாமே பார்த்து அவரைத் தேடிப் போகலாம். கூட்டத்தொடர் நாட்களில் சேப்பாக்கம் எம்.எல்.ஏ. விடுதியில் காலையில் பிடிக்கலாம், ஒன்பதுக்கு மேல் கிளம்பிவிடுவார்கள்.

போகும்போது ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள், படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. மேலே தேதி, இடம், துறை. நடுவில் துறை உங்களுக்கு எழுத்தில் என்ன சொன்னது. கீழே ஒரே ஒரு கேள்வி, அதுவும் ‘எப்போது’ அல்லது ‘எவ்வளவு’ என்று தொடங்குகிற மாதிரி. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் அமைச்சர் முந்தைய ஆட்சிக்குப் போய்விடுவார், அங்கிருந்து அவரைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது. கொடுக்கிற பேப்பர் எல்லாம் நகலாக இருக்கட்டும். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள் என்றால் உதவியாளர் மாறும்போது அதுவும் அவரோடு போய்விடும்.