பூநாரைக்குக் கிட்டப் போவது எப்படி என்று சொல்லித் தந்தவர்

மன்னார் வங்காலை, சுண்டிக்குளம், நெடுந்தீவு என்று பதினொரு வருடமாகக் கமராவோடு அலைகிறேன். ஆனால் இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், யாழ்ப்பாணப் பரவைக்கடலில் முழங்கால் தண்ணீரில் நடந்த ஒன்றைத்தான். இடம் அராலிப் பக்கம். அதற்கு மேல் சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் வரும்.

தை மாதம், விடியற்காலை. முந்நூறுக்குக் குறையாத பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அந்த அலகு தலைகீழாக வைத்தால்தான் வேலை செய்யும். சேற்றுத் தண்ணீரை இழுத்து, நாக்கால் வெளியே தள்ளி, கூனி இறால் போன்ற சிறு உயிர்களையும் பாசியையும் வடித்து எடுக்கும். நான் 600 மில்லிமீற்றர் லென்ஸைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடி நாலு அடி வைப்பேன், நிற்பேன், பிறகு நாலு அடி. நூற்றைம்பது மீற்றர் இருக்கும்போதே கழுத்துகள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன. கூட்டம் மெல்ல விலகத் தொடங்கியது.

அதே நேரம், தண்ணீரில் கம்பு நட்டுக் கட்டிய சிறகுவலையைப் பார்க்கப் போன ஒரு ஐயா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் இருந்த தூரத்தில் பாதிக்கும் குறைவாக அவற்றைக் கடந்து போனார். ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

திரும்பி வரும்போது என்னிடம் நின்றார். "தம்பி, நீர் குனிஞ்சு குனிஞ்சு நேர வாறீர். நிண்டு நிண்டு பாக்கிறீர். வெடிக்காரனும் அப்பிடித்தான் வாறவன்."

துவக்கோடு வேட்டைக்கு வருபவனைத்தான் சொன்னார். அடுத்த மூன்று நாளும் அவருக்குப் பின்னால் நடந்தேன். நிமிர்ந்து, சரிவாக, பறவைகளின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், தண்ணீரில் கால் படும் சத்தம் மாறாமல். நாலாம் நாள் அவர் வலையைத் தூக்க, பின்னால் பூநாரைகள் மேய, இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வந்தன.

நிற்கும்போது பூநாரை வெளிறித்தான் தெரியும். சிறகின் சிவப்பும் கறுப்பும் பறக்கும்போதுதான் விரியும். அதைப் படம் பிடிக்கவே சிலர் கல்லெறிந்து எழுப்புகிறார்கள், இப்போது ட்ரோனையும் விடுகிறார்கள். தண்ணீரில் ஓடி ஓடித்தான் அது மேலே எழும்ப முடியும். ஒரு காலையில் நாலைந்து தரம் எழுப்பினால் தின்றதெல்லாம் அதற்கே போய்விடும். முன்பு ஒரு படத்தோடு இடத்தின் பெயரையும் போட்டேன். அடுத்த ஞாயிறு அங்கே இரண்டு வான் நின்றது. அது என் பிழை. அதற்குப் பிறகு இடம் சொல்வதில்லை.

இந்தப் படத்தை ஒரு சஞ்சிகை கேட்டது, ஐயாவையும் வலைக் கம்புகளையும் வெட்டிவிட்டுத் தரச் சொன்னது. கொடுக்கவில்லை. அந்தத் தண்ணீர் பறவைக்கு மட்டும் உரியது என்று காட்டினால் அது பொய். அந்தச் சேறு கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது இரண்டு பேரும்தான்.

பங்குனியில் பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஐயா தன்னையும் பார்க்கவில்லை, பூநாரையையும் பார்க்கவில்லை. கம்பில் தண்ணீர் நின்ற அடையாளத்தில் விரலை வைத்தார்.

"இது தைப்பூசத்துக்கு முந்தி எடுத்தது, என்ன?"

ஓம், தைப்பூசத்துக்கு முதல் நாள்.