கல்லாறு–குன்னூர் ஏற்றத்துக்கு இன்னும் நீராவி எதற்கு?

கணக்குப்பிள்ளை:
நேராகவே கேட்கிறேன். நீலகிரி மலை ரயிலைக் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல்தான் கொண்டுபோகிறது, யாரும் அழவில்லை. குன்னூருக்குக் கீழே மட்டும் ஏன் நீராவி? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பல்சக்கர டீசல் இன்ஜின் போட்டால் வேலை முடிந்தது.

ரன்னிமேடு:
குன்னூருக்கு மேலே பல் தண்டவாளமே (இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல் வைத்த பட்டை) கிடையாதே, சாதாரண டீசல் போதும். கல்லாறு–குன்னூரில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம் வரை உண்டு, வெறும் சக்கரம் வழுக்கும். அதனால்தான் நடுவில் ஆப்ட் முறைப் பல் தண்டவாளம். பக்கம் பக்கமாக இரண்டு பட்டை. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். அதனால் பிடி விடுபடாது. இங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினின் ஒரு ஜோடி சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தை ஓட்டும். அங்கே உழைத்து வெளியேறும் நீராவியே அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே ஆவியில் இரண்டு வேலை! சமதளத்தில் இரண்டாவது ஜோடிக்கு ஓய்வு.

கணக்குப்பிள்ளை:
அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அது 1899-இல் திறந்த பாதை. சுவிட்சர்லாந்திலேயே பல மலைப் பாதைகள் மின்சாரத்துக்குப் போய்விட்டன.

ரன்னிமேடு:
அதே நாட்டில் பிரியன்ஸ் ரோட்ஹார்ன் பாதைக்கு 1990களில் எண்ணெயில் எரியும் புது நீராவி இன்ஜின் செய்தார்கள். செய்தது நம் எக்ஸ் வகையைச் செய்த விண்டர்தூர் கம்பெனிதான். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையும் நமக்குப் புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறது. மாறியதை மட்டும் சொன்னால் எப்படி?

அடர்லி:
இரண்டு பேரும் இன்ஜினையே பிடித்துத் தொங்குகிறீர்கள். இறக்கத்தைப் பாருங்கள். பெட்டி உருண்டு ஓடிவிடாமல் இருக்கத்தான் இன்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம் நிற்கிறது. போதாததற்குப் பெட்டிக்குப் பெட்டி கொடியோடு பிரேக்ஸ்மேன். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் எந்த இன்ஜினும் நிற்கத்தான் வேண்டும். காசைத் தடுப்புச் சுவரிலும் வடிகாலிலும் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, சுவர் வேண்டும். அதற்குக் காசு? பழைய இன்ஜின் உதிரிப் பாகம் கடையில் கிடைக்குமா?

ரன்னிமேடு:
பல்சக்கர டீசல் மட்டும் கடையில் கிடைக்குமா? மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை), ஆப்ட் பல், இந்த வளைவுகள் என்று எல்லாவற்றுக்கும் பொருந்தத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
ஒரு தடவை செய்தால் போதுமே. நீராவியை விழா நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரன்னிமேடு:
விழா நாளுக்கு மட்டும் ஓட்டினால் ஃபயர்மேனுக்குக் கைப்பழக்கம் எங்கே வரும்? ஏற்றத்துக்கு முன்பே ஆவியைத் திரட்டி வைக்கும் பக்குவம் தினமும் ஓட்டுகிறவனுக்குத்தான் வரும்.