பழைய காருக்கு ஒரிஜினல் பாகமா, வெளிக் கம்பெனிப் பாகமா? திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

திருச்சி_புதியவன்:
அனைவருக்கும் வணக்கம். கனடாவுக்கு வந்து இன்னும் ஓர் ஆண்டு நிறையவில்லை. கையிலிருந்த பணத்தைப் போட்டு வாங்கிய பழைய கார் நேற்று வேலைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. இழுவை வண்டி வைத்து ஒரு கராஜில் விட்டிருக்கிறேன். டீலரிடம் தொலைபேசியில் கேட்டால் ஒரிஜினல் பாகம் போட்டு 900 டாலருக்கு மேல் ஆகும் என்கிறார்கள். கராஜ்காரரோ வெளிக் கம்பெனிப் பாகம், அதாவது கார்க் கம்பெனியின் பெயரில் வராத பாகம், போட்டால் அதில் பாதிதான் ஆகும் என்கிறார். திங்கட்கிழமை இரவு ஷிப்ட். அந்தக் கிடங்குப் பக்கம் இரவில் பேருந்து கிடையாது. புரொபேஷன் காலமும் முடியவில்லை. எதைப் போடச் சொல்வது என்று தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

மார்க்கம்_அக்கா:
தம்பி, காரை வாங்குவதற்கு முன் நமக்கு வேண்டிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டினீர்களா? விற்றவர் கொடுத்த சேஃப்டி சான்றிதழை மட்டும் நம்பி வாங்கியிருந்தால், அது ஒன்டாரியோவில் 36 நாள்களுக்குத்தான் செல்லும் என்பதையும், சோதித்த அன்று வண்டி குறைந்தபட்சத் தகுதியோடு இருந்தது என்பதைத் தவிர வேறெதற்கும் அது பொறுப்பேற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் வந்த புதிதில் கார் என்ற பேச்சே கிடையாது. கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு டொரோண்டோவின் ஃபின்ச் அவென்யூவில் பேருந்துக்குக் காத்து நின்ற அந்தக் குளிரை இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. ஆனாலும் கடன் இல்லாமல் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தோம். உடன் வேலை செய்பவர்களில் யாராவது உங்கள் வழியாகப் போகிறார்களா என்று விசாரியுங்கள். 900 டாலரைக் கிரெடிட் கார்டில் ஏற்றிவிடாதீர்கள்.

பருத்தித்துறையான்:
அக்கா சொல்வது சரி, ஆனால் தம்பி கேட்டது அதுவல்ல. என் பதில் ஒன்றுதான்: ஒரிஜினல் போடுங்கள். பகலில் உணவகத்தில் பாத்திரம் கழுவி, இரவில் அலுவலகங்களைத் துப்புரவாக்கிச் சேர்த்த காசில் நான் வாகனம் ஓடிய காலத்தில், ஒரு கராஜில் பெயர் தெரியாத கம்பெனியின் வீல் பேரிங்கைப் பூட்டி அனுப்பினார்கள். அடுத்த பனிக்காலம் வருவதற்குள் அது ஊளையிடத் தொடங்கியது. பாகத்துக்கு மிச்சப்பட்ட காசைவிட, அதைக் கழற்றி மறுபடி பூட்டக் கொடுத்த கூலி அதிகம்.

கொங்கு_மைந்தன்:
அண்ணா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. டொயோட்டா பெட்டிக்குள் வரும் பாகங்கள் எல்லாவற்றையும் டொயோட்டாவே செய்வதில்லை. சென்சார்கள் பலவற்றை டென்சோவும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுழலவைக்கும் வாட்டர் பம்ப் போன்றவற்றை ஐசினும் செய்து கொடுக்கின்றன. அதே நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் அவற்றைக் கடைக்கு அனுப்புகின்றன. பெட்டியின் மேலிருக்கும் பெயருக்காக ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்? பத்து வயது தாண்டிய காருக்கு டீலர் வாசலையே மிதிக்கக் கூடாது என்பதுதான் என் கொள்கை.

பருத்தித்துறையான்:
நீங்கள் சொல்லும் கம்பெனிப் பாகத்தைத்தான் கராஜ்காரர் போடப் போகிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளிக் கம்பெனி என்று சொல்லிவிட்டால் அதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

மிசிசாகா_மணி:
பாகத்தின் விலையை விடுங்கள். மாதா மாதம் காப்புறுதிக்குக் கட்டுவதை யார் பேசுகிறார்கள்? ஊரில் பதினைந்து ஆண்டுகள் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியதற்கான கடிதத்தை நீட்டியும், என்னை நேற்றுதான் ஸ்டியரிங்கைத் தொட்டவனைப் போல நடத்தினார்கள். பிராம்ப்டன் முகவரி என்றதும் தொகை இன்னும் ஏறியது. காரின் விலையைவிடக் காப்புறுதி அதிகமாக இருக்கும் நாட்டில் புதிதாக வருபவன் எப்படித்தான் தலையெடுப்பது?

மார்க்கம்_அக்கா:
உண்மை. அந்தத் தொகையைப் பார்த்த அன்று என் கணவர் திரும்பிப் போய்விடலாம் என்றே சொன்னார்.

கராஜ்_கை:
காப்புறுதியைப் பற்றி வேறோர் இழையில் பேசிக்கொள்ளலாம். தம்பியின் வண்டி இன்னும் கராஜில்தான் நிற்கிறது. தம்பி, எந்தக் கார், எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, மாற்ற வேண்டிய பாகம் எது என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. இவை தெரியாமல் ஒரிஜினலா வெளிக் கம்பெனியா என்று சொல்வது நோயைக் கேட்காமல் மருந்து எழுதுவதாகும்.

திருச்சி_புதியவன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். 2010 கொரோலா, 1.8 எஞ்சின், 2,30,000 கிலோமீட்டர். வாட்டர் பம்ப் கசிகிறதாம். சூடு எச்சரிக்கை வந்ததுமே எஞ்சினை நிறுத்திவிட்டேன். முன் பிரேக்கும் தேய்ந்துவிட்டது, சேர்த்தே மாற்றிவிடலாம் என்கிறார்கள். இருப்பது ஸ்கார்பரோவில்.

கராஜ்_கை:
உடனே நிறுத்தியது நல்லது. அலுமினிய சிலிண்டர் ஹெட் உள்ள எஞ்சின் இது. சூட்டோடு ஓட்டியிருந்தால் அது வளைந்து, அதன் கீழுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போய், காரையே கைவிட வேண்டி வந்திருக்கும். இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப் கசிவது அடிக்கடி பார்ப்பதுதான். பம்பின் கீழ்ப்புறத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் படிந்ததுபோல் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) காய்ந்து ஒட்டியிருக்கும். அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பம்ப்பைப் பொறுத்தவரை, நல்ல பெயருள்ள கம்பெனியினுடையதாக இருந்தால் டீலர் பெட்டி தேவையில்லை. ஐசின் பம்ப் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்தத் தலைமுறைக் கொரோலாக்களில் பல ஒன்டாரியோவின் கேம்பிரிட்ஜ் ஆலையிலேயே செய்யப்பட்டவை, சாலையில் ஏராளமாக ஓடுகின்றன. பாகம் கிடைக்காது என்ற பேச்சுக்கு இடமில்லை. பெயரே இல்லாத பம்ப் வேண்டாம். அதில் சீல் தரமில்லாமல் இருந்தால், பருத்தித்துறை அண்ணன் சொன்னதுபோல் கூலியை மறுபடி கொடுக்க நேரும். எதைக் கழற்றி மாட்ட அதிக நேரம் பிடிக்கிறதோ அதில் மலிவு பார்க்கக் கூடாது.

பிரேக்குக்கு, சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டையான பேட், நடுத்தர விலையிலுள்ள நல்ல வெளிக் கம்பெனியினுடையதே போதும். இங்கே பிரேக்கைக் கெடுப்பது தேய்மானத்தைவிடச் சாலையில் கொட்டும் உப்புதான். பேடின் இரு காதுகளும் துருப்பிடித்து, அதைத் தாங்கும் சட்டமான பிராக்கெட்டில் இறுகிவிடும். பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே பேடின் பெயரைவிட, பிராக்கெட்டைச் சுரண்டித் துடைத்துப் புதுக் கிளிப் போட்டு, ஸ்லைடு பின்னுக்குக் கிரீஸ் வைக்கிறார்களா என்பதைக் கேளுங்கள். டிஸ்க்கும் மாற்ற வேண்டியிருந்தால் துருத் தடுப்புப் பூச்சுள்ளதைக் கேளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரிஜினல் என்று நான் சொல்வது காற்றுப்பைக்குத்தான். உங்கள் ஆண்டுக் கொரோலா, டகாட்டா நிறுவனத்தின் குறையுள்ள காற்றுப்பைகளை மாற்றித் தருவதற்கான திரும்பப் பெறுதலில் (ரீகால்) அடங்கியது. காரின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள்; பழைய உரிமையாளர் மாற்றாமல் விட்டிருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள். எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வர்ட்டருக்கும் மலிவானது வேண்டாம். போட்ட சில மாதங்களில் எஞ்சின் விளக்கு மறுபடி எரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கொங்கு_மைந்தன்:
அப்படியானால் அந்தப் பம்ப்பை இவரே இணையத்தில் மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாமே?

கராஜ்_கை:
வேண்டாம். வாடிக்கையாளர் கொண்டுவந்த பாகத்துக்குப் பெரும்பாலான கராஜ்கள் பொறுப்பேற்பதில்லை. கெட்டுப்போனால் பாகமும் கூலியும் இவர் தலையில்தான் விழும். டென்சோ, என்ஜிகே போன்ற பாகக் கம்பெனிகளின் பெயர்களில் போலிகளும் இணையத்தில் உலவுகின்றன. கராஜே வாங்கிப் போட்டால், ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு.

அதே சட்டம் இன்னும் சிலவற்றைச் சொல்கிறது. எழுத்துமூலமான மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பாகமும் வாகனத் தயாரிப்பாளருடையதா, வேறு கம்பெனியுடையதா, பழையதா, புதுப்பித்ததா என்று அதில் இருக்க வேண்டும். பருத்தித்துறை அண்ணனின் சந்தேகத்துக்கும் அதுவே பதில். கம்பெனியின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிவிடுங்கள். இறுதித் தொகை அந்த மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருமாறும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டு விலைகளிலும் 13 சதவீத எச்எஸ்டி (விற்பனை வரி) சேர்ந்திருக்கிறதா என்று கேட்டபிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருச்சி_புதியவன்:
மிக்க நன்றி அண்ணா. கராஜ்காரரிடம் பேசிவிட்டேன். ஐசின் பம்ப் நாளைக் காலையில் வந்துவிடும் என்று மதிப்பீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். டீலர் சொன்னதைவிட நன்றாகவே குறைகிறது. பிரேக் இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று அவரே ஒப்புக்கொண்டதால் அதை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். வண்டியை எடுக்கும்போது வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

கராஜ்_கை:
என்ன கூலண்ட் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலண்ட் அல்லது அதற்குப் பொருத்தமானது என்று புட்டியில் எழுதியிருப்பதாக இருக்க வேண்டும். பச்சை நிறத்துப் பழைய வகையைக் கலக்க விடாதீர்கள். முதல் வாரம் முழுவதும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தினமும் கூலண்ட் சேமிப்புத் தொட்டியைப் பாருங்கள். உள்ளே தங்கிய காற்று வெளியேறியதும் அளவு ஒருமுறை சற்று இறங்கும், நிரப்பிக்கொள்ளலாம். அதன் பிறகும் கீழ்க்கோட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தால் ஓட்டாமல் கராஜுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், உத்தரவாதம் அதற்குத்தான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.